ஞானப்பூ கேட்ட ஒரு நாள்

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுதபூஜை, மறுநாள் காந்தி ஜெயந்தி. இரண்டும் அரசு விடுமுறை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்று வேலைநாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குத் தற்செயல் விடுப்பு கேட்டு எங்கள் தாலுகா ஆபீசில் பதினோரு விண்ணப்பம் வந்தது. ஆறு பேருக்குக் கொடுத்தேன். மீதிப் பேர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள்.

நாளை முதல் மழைக்காலக் கட்டுப்பாட்டு அறை திறக்கிறது. விடுமுறையானாலும் யாராவது ஒருவர் போன் பக்கத்தில் உட்கார வேண்டும். முறைப்பட்டியல் போடுவது துணை வட்டாட்சியரான என் வேலை. வட்டாட்சியர் அம்மா கையெழுத்துப் போடுவதோடு சரி. இரண்டு நாளுக்கும் என் பெயரையே எழுதினேன்.

"போன வருசமும் நீங்கதான பாத்திய. எங்க பேரையும் ஒரு நாள் போடலாம்லா சார்?" என்றான் கார்த்தீசன். இளநிலை உதவியாளர், கல்யாணமாகி ஆறு மாதம்.

"நீ ஊருக்குப் போயிட்டு வாப்பா. எனக்கு என்ன, வீடு பக்கந்தான" என்றேன்.

முப்பத்தொரு வருட சர்வீஸ். ஈட்டிய விடுப்பு இருநூற்று நாற்பது நாள் முழுசாக நிற்கிறது. அதற்கு மேல் சேர்க்க முடியாது, சேர வேண்டியது வீணாகப் போகிறது. போகட்டும்.

என் மனைவி உலகம்மாளுக்கு இன்று பரவாயில்லை என்று அவளைப் பார்த்துக்கொள்ளும் ஞானப்பூ சொன்னாள். மிக்சியில் பிளேடு மாற்ற வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆளில்லாத ஆபீஸ் எனக்குப் பிடிக்கிறது. மின்விசிறிச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. நேற்றே பூஜை முடித்துப் போயிருந்தார்கள். எல்லா மேசையிலும் சந்தனப் பொட்டு. போன் இரண்டு முறை வந்தது. ஒன்று தவறான எண். இன்னொன்று, மழை எப்போது வரும் என்று கேட்டு. பழைய விடுப்புப் பதிவேடு இரண்டுக்கு அட்டை போட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

பணிக்குப் போனேன். போன் வரவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

ஞானப்பூ மற்ற நாளெல்லாம் காலை ஏழரைக்கு வந்துவிடுவாள். மாலை ஏழு மணிக்கு உலகம்மாளுக்குச் சாப்பாடும் மாத்திரையும் கொடுத்துப் படுக்கவைத்துவிட்டுத்தான் போவாள். ஞாயிறு மட்டும் சர்ச்சுக்குப் போய்விட்டு ஒரு மணிக்கு வருவாள். இரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு.

காலை சற்றுச் சிரமம். தோசை தரையில் கிடந்தது. நான் முற்றத்தில் நின்று பேப்பர் படித்தேன். மழை தூறியதால் குடை பிடித்துக்கொண்டு படித்தேன்.

கன்னத்தில் ஒரு கீறல். நாளை யாராவது கேட்டால் சவரம் செய்தபோது பட்டது என்று சொல்ல வேண்டும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நல்ல மழை. ஏழே முக்காலுக்கெல்லாம் ஆபீஸ் போய்விட்டேன்.

மஸ்கட்டிலிருந்து மகள் பேசினாள். "தீபாவளிக்குமாப்பா டியூட்டி? இவ்வளவு லீவு வச்சிருக்கியளே, ஒரு மாசம் எடுத்து அம்மா கூட இருங்களேன்" என்றாள். மழைக்காலம் முடியட்டும் என்றேன். கோடையில் கேட்டபோது ஜமாபந்தி முடியட்டும் என்று சொன்னது நினைவு வந்தது.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. ஞானப்பூ அவளுக்குப் புதுப் புடவை கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு போயாச்சா?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"போயாச்சுக்கா. நீங்க கையத் தூக்குங்க."

"திரும்ப வருவானா?"

"வந்தா நான் இருக்கேம்லா."

மறதி நோயில் இது சகஜம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன். ஓட்டல் எல்லாம் மூடியிருந்தது. இரண்டு வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குத் திரும்பினேன்.

நவம்பர் 12, புதன்

அடுத்த வருடத்துக்கான பொது விடுமுறை நாட்களின் அரசாணை வந்துவிட்டது. நகல் எடுத்துப் பலகையில் ஒட்டுவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. எது ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறது என்பதுதான் எல்லாருக்கும் முதல் கேள்வி. தீபாவளி ஞாயிறு என்றதும் "அய்யோ" என்று ஒரே சத்தம்.

ஒரு நகலை வீட்டுக்கு எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். ஞானப்பூ கிளம்பும்போது அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரலை வைத்து எழுத்துக்கூட்டி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"இவ்வளவும் லீவா சார்?"

"ஆமா."

"இதுக்கெல்லாம் சம்பளம் பிடிக்க மாட்டாவளா?"

"பிடிக்க மாட்டாங்க. சனி, ஞாயிறு தனி. தற்செயல் விடுப்பு பன்னிரண்டு தனி. மத விடுப்பு மூணு நாள் அதுவும் தனி" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அவள் விரல் டிசம்பர் வரியில் போய் நின்றது. பிறகு, "எனக்கு இதுல ஒண்ணு மட்டும் தாங்க சார். கிறிஸ்மஸ். எம் மக பிளெஸ்ஸியோட பிள்ளைக்கு அன்னைக்குத்தான் ஞானஸ்நானம் வச்சிருக்கு. போன ரெண்டு கிறிஸ்மசுக்கும் மத்தியானமே வந்துட்டேன். இந்தத் தடவ முழுசா ஒரு நாள் வேணும்" என்றாள்.

"இன்னும் நாள் கெடக்குல்லா. லீவு வேணும்னா எழுதிக் குடு" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

ஞானப்பூ உண்மையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள். கோடு போட்ட தாளில், மகள் கையெழுத்தில். பெறுநர், பொருள் எல்லாம் இருந்தது. "ஐயா அவர்கள் 25-ம் தேதி ஒரு நாள் மட்டும் விடுமுறை தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." கீழே ஞானப்பூவின் கையெழுத்து, எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி.

'விடுமுறை' என்று வரக் கூடாது, 'விடுப்பு' என்றுதான் வரவேண்டும். சிவப்பு மையில் திருத்தினேன். பழக்கதோஷம்.

"பாக்கலாம்" என்றேன். தாளை இந்த நாட்குறிப்புக்குள் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 10, புதன்

வருடக் கடைசி. மிச்சமிருக்கும் தற்செயல் விடுப்பு முப்பத்தொன்றாம் தேதியோடு செத்துப்போகும் என்பதால் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். கார்த்தீசன் மனைவி முழுகாமல் இருக்கிறாள், அவளை அவள் அம்மா வீட்டில் விட 24, 26 இரண்டு நாளும் வேண்டும் என்றான். கொடுத்தேன்.

25-ம் தேதி கட்டுப்பாட்டு அறைக்கு யாரைப் போடுவது என்று வட்டாட்சியர் அம்மா கேட்டார். புதிதாக வந்த இரண்டு பேர் தாங்கள் வருவதாகத் தாங்களே சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு அனுபவம் போதாது என்றேன். என் பெயரை எழுதினேன்.

டிசம்பர் 15, திங்கள்

பின்கதவுத் தாழ்ப்பாளை உலகம்மாள் தானாகத் திறக்கப் பழகிவிட்டாள் என்று ஞானப்பூ சொன்னாள். நேற்று முற்றத்துக் கொடியருகே நின்றுகொண்டிருந்தாளாம். ஆசாரியிடம் சொல்லி மேலே ஒரு தாழ்ப்பாள் போட வேண்டும். கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும். கரண்டு பில்.

டிசம்பர் 22, திங்கள்

"சார், வியாழக்கிழமைக்கு நான் என்ன சொல்ல?" என்று ஞானப்பூ கேட்டாள்.

"அன்னைக்கு எனக்கு டியூட்டி போட்டுட்டாங்க ஞானப்பூ. மழை எச்சரிக்கை வந்திருக்கு."

"யாரு போட்டா?"

"ஆபீசுல."

"ஆபீசுல டியூட்டி போடுததே நீங்கதான்னு சொல்லியிருக்கிய."

மேலிடத்து உத்தரவு என்று ஏதோ சொன்னேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "விடியக்காலம் அஞ்சு மணி ஆராதனை முடிஞ்சதும் ஓடியாரேன். ஞானஸ்நானத்தைப் பத்து மணிக்கு மேலதான் வச்சிருக்காவ. பாஸ்டர்ட்ட கெஞ்சி முதல்ல எம் பேரனைக் கூப்பிடச் சொல்லுதேன். ஒம்போதுக்கு இங்க வந்து அக்காவுக்குக் காப்பி, பலகாரம் குடுத்துட்டு, மறுபடி சர்ச்சுக்கு ஒரு மணி நேரம் போயிட்டு வருவேன். அதுக்காவது விடுவியளா?"

"அதெல்லாம் வந்த பிறகு பாத்துக்கலாம்" என்றேன்.

ஆசாரி ஊரில் இல்லை.

டிசம்பர் 25, வியாழன்

எழுத முடியவில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை ஏழரைக்கு உலகம்மாள் விழித்தாள். கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "யாரு நீ? வெளிய போ" என்றாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பதுதான். இதுவரை இங்கே எழுதியதில்லை. காபியை நீட்டினேன், தட்டிவிட்டாள். கையில் சூடு பட்டது. எட்டேகாலுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, முன்கதவை வெளியே பூட்டி, சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். ஒன்பதுக்கு ஞானப்பூ வந்துவிடுவாள் என்று நினைத்தேன். தெருமுனை திரும்பியதும் நெஞ்சு லேசானது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்பதரைக்கு ஞானப்பூ போன் செய்தாள். பின்னால் பாட்டுச் சத்தம். "சார், மழையில ஓடையில தண்ணி ஏறிட்டு, பஸ் வரல. ஆட்டோவும் இல்ல. ஞானஸ்நானம் முடிச்சு யார் வண்டியிலயாவது ஏறி பன்னெண்டுக்குள்ள வந்துருதேன். நீங்க அக்காவப் பாத்துக்கோங்க. வீட்டுலதான இருக்கிய?"

"ஆங்" என்றேன்.

வீட்டுக்குப் போக வண்டியில் பத்து நிமிடம்தான். பக்கத்து அறையில் இரவுக் காவலர் இன்னும் கிளம்பாமல் இருந்தார். அவரைப் போன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கலாம். நான் போகவில்லை. கட்டுப்பாட்டு அறையை விட்டு நகரக் கூடாது என்பது விதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினொன்று இருபதுக்கு போன் வந்தது. ஓடைத் தரைப்பாலத்துப் பக்கத்து டீக்கடைக்காரர். "சார், ஒரு பொம்பள பாலத்து நடுவுல நிக்காவ. தண்ணி கணுக்காலுக்கு மேல போகுது. கூப்பிட்டா வரமாட்டேங்காவ, கிட்டப் போனா அடிக்க வாராவ."

பதிவேட்டை இழுத்து எழுதத் தொடங்கினேன். நேரம், இடம், தகவல் தந்தவர் பெயர். "வயசு என்ன இருக்கும்?" "அம்பத்தஞ்சு இருக்கும்." "மனநிலை?" "சரியில்லாத மாதிரிதான் தெரியுது." எழுதினேன். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்கிறேன் என்றேன்.

"சீக்கிரம் வரச் சொல்லுங்க சார். வீட்டுக்குப் போங்கம்மான்னா, வீட்டுல யாரோ ஒரு ஆளு நிக்கான், அவன் போனாத்தான் போவேன்னு சொல்லுதாவ."

'வீட்டில் யாரோ ஒரு ஆள்' என்பது வரைக்கும் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது. அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னேன். காவலரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வண்டியில் போனது நினைவில்லை.

பாலத்தின் இரண்டு பக்கமும் ஆட்கள். நடுவில் அவள், தீபாவளிப் புடவையில், நனைந்து. கால் முழங்கால்வரை தண்ணீரில். பின்கதவு வழியாக வந்திருக்கிறாள். நான் ஆட்களை விலக்கிக்கொண்டு இறங்கினேன். "உலகு!" என்று கத்தினேன். முப்பது வருடம் கூப்பிட்ட பேர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அடையாளம் கண்டுகொண்டாள். கணவன் என்று இல்லை, அந்த ஆள் என்று. ஒரு அடி பின்னால் வைத்தாள். நான் இன்னொரு அடி வைத்தேன். அவள் இன்னும் ஒரு அடி பின்னால் போனாள். அந்தப் பக்கம் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது.

"நில்லுங்க சார்! நீங்க போகப்போகத்தான் அவுங்க பின்னால போறாவ" என்று யாரோ கத்தினார்கள்.

நின்றேன். பிறகு நானே பின்னால் நடந்து கரையேறினேன். டீக்கடைக்காரர் என்னைக் கடைக்குப் பின்னால், அவள் கண்ணில் படாத இடத்தில் நிற்கச் சொன்னார். அங்கே நின்றுகொண்டு ஞானப்பூவுக்குப் போன் செய்தேன். மூன்று முறை எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தாள். நான் என்ன சொன்னேனோ, "வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

தீயணைப்பு வீரர்களும் ஞானப்பூவும் ஒரே நேரத்தில் வந்தார்கள். ஞானப்பூ யாருடைய பைக்கிலோ பின்னால் உட்கார்ந்து, பட்டுப் புடவையில், தலையில் முக்காட்டோடு. வீரர்கள் அவள் இடுப்பில் கயிறு கட்டினார்கள். அவள் தண்ணீரில் இறங்கி நேராகப் போகவில்லை. பக்கவாட்டில், வேறு எங்கோ போகிறவள் மாதிரி நடந்தாள்.

"என்னக்கா, நான் வாரதுக்குள்ள குளிக்க வந்துட்டியளா?"

உலகம்மாள் அவளைப் பார்த்தாள். "ஞானப்பூ, அந்த ஆளு வீட்டுக்குள்ள நிக்கான்."

"அவரு போயாச்சு. நான் பாத்துட்டுத்தான் வாரேன். தலை ஈரமா இருக்கே, துவட்ட வேண்டாமா? வாங்க."

கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அவ்வளவுதான். கடையின் தகர மறைப்பு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் உலகம்மாளைத் துவட்டித் தூங்கவைத்துவிட்டு ஞானப்பூ முற்றத்துக்கு வந்தாள். பட்டுப் புடவை இடுப்புவரை சேறு.

"பேரனுக்கு..." என்று தொடங்கினேன்.

"பிள்ளைய பாஸ்டர் கையில குடுக்கும்போதுதான் போன் வந்துது" என்றாள். "ஏன் சார், வீட்டுல இருக்கேன்னு பொய் சொன்னிய?"

அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

டிசம்பர் 27, சனி

ஞானப்பூ வரவில்லை. உலகம்மாளுக்குச் சளி, காய்ச்சல். எதிர்வீட்டுப் பெண் வந்து கஞ்சி கொடுத்தாள். நான் வாசற்படியில் இருந்தேன்.

டிசம்பர் 29, திங்கள்

எதிர்வீட்டுப் பெண்ணிடம் இரண்டு மணி நேரம் கேட்டு ஆபீசுக்குப் போனேன். வட்டாட்சியர் அம்மா கூப்பிட்டார். மேசையில் பதிவேடு திறந்திருந்தது. பாதியில் நின்ற என் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டுப்பாட்டு அறைய விட்டுட்டுப் போனதுக்கு நீங்க விளக்கம் எழுதிக் குடுக்கணும். லீவு லெட்டரும் எழுதிக் குடுக்கணும். எத முதல்ல எழுதப் போறீங்க குற்றாலிங்கம் சார்?"

"மார்ச் வரைக்கும் வேலை இருக்கும்மா..."

"நீங்க இல்லாட்டியும் மழை பெய்யும்." அவர் குரல் தணிந்தது. "எனக்கு இத்தனை நாளா தெரியாது சார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

என் இருக்கைக்கு வந்து ஈட்டிய விடுப்புப் படிவத்தை எடுத்தேன். ஆயிரம் படிவமாவது சரிபார்த்திருப்பேன். எனக்காக நிரப்புவது இதுதான் முதல் தடவை. காரணம் என்ற இடத்தில் எல்லாருக்கும் 'சொந்த அலுவல்' என்று எழுதச் சொல்லிக்கொடுப்பவன் நான். 'மனைவியைக் கவனித்துக்கொள்ள' என்று எழுதினேன். தொண்ணூறு நாள்.

டிசம்பர் 31, புதன்

ஞானப்பூ வீட்டுக்குப் போனேன். இரண்டு வருடத்தில் முதல் முறை. உள்ளே தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. பிளெஸ்ஸி என்னைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். "டியூட்டி யாரும் போடல. நானேதான் போட்டுக்கிட்டேன்."

"தெரியும்."

"அவகிட்ட இருக்க எனக்குப் பயமா இருக்கு ஞானப்பூ. அவ என்னப் பாத்துப் பயப்படுறதப் பாக்க முடியல."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏதாவது சொல்லிக் குடுத்திருப்பேன்லா. நீங்க என்னடான்னா பாக்கலாம், பாக்கலாம்னு..." என்றாள்.

பிறகு தன் நிபந்தனைகளைச் சொன்னாள். ஞாயிறு முழுநாள் வர மாட்டாள். ஆபீஸ் பலகையில் ஒட்டும் அந்த விடுமுறைத் தாளில் உள்ள நாட்களிலும் வர மாட்டாள். சம்பளம் பிடிக்கக் கூடாது. மாலை ஐந்துக்குக் கிளம்பிவிடுவாள். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

"அக்காவுக்காக வாரேன்" என்றாள். "பேரன் தலையில தண்ணி தெளிக்கத நான் பாக்கல சார். அத நீங்க திருப்பித் தர முடியாது."

முடியாது.

ஜனவரி 7, புதன்

விடுப்பில் மூன்றாம் நாள். ஞானப்பூ சொல்லித் தந்தவை: எதிரே போய் நிற்கக் கூடாது. பக்கத்தில் இருந்து வர வேண்டும். பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அந்நிய ஆள் தன் பேரைச் சொன்னால் யாருக்கும் பயம்தான். நான் யார் என்று சொல்லவே கூடாது. ஏதாவது வேலை செய்துகொண்டு கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும்.

திண்டாட்டம்தான். கூடத்தின் மூலையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினேன். அவள் ஒரு மணி நேரம் என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

தனியாக இருந்தேன். தட்டை எறிந்தாள். மாலையில் என் தோளில் அடித்தாள். வெளியே போகவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஞானப்பூவுக்கு விடுப்பு.

முற்றத்தில் அடுப்பு மூட்டிப் பால் பொங்கவைத்தேன். அடி பிடித்துவிட்டது. உலகம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பவில்லை. வாழை இலையில் கொஞ்சம் வைத்து, அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, நான் தள்ளிப்போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அவள் வந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்தாள்.

"தீஞ்சு போச்சு" என்றாள்.

"ஆமா. பழக்கமில்ல."

"எந்த ஊரு நீங்க?"

"இந்தப் பக்கந்தான்."

இன்னொரு வாய் சாப்பிட்டாள். என் சட்டையை, கையை, நரைத்த தலையைப் பார்த்தாள். "பொங்கலும் அதுவுமா இங்க வந்து அடுப்பு ஊதிக்கிட்டு இருக்கியளே. வீட்டுல ஒங்களத் தேட மாட்டாவளா?"

கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

"வீட்டுல ஒருத்தி இருக்கா. நான் போனா பயப்படுவா. நான் யாருன்னு அவளுக்குத் தெரியல."

உலகம்மாள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு இரக்கத்தைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

"பாவம்" என்றாள். என்னைச் சொன்னாளா, அந்த ஒருத்தியைச் சொன்னாளா, தெரியவில்லை. பிறகு தன் இலையிலிருந்து தீயாத பக்கத்துப் பொங்கலாகப் பார்த்து எடுத்து, என் பக்கம் நகர்த்திவைத்தாள்.

"அப்பம் சாயங்காலம் வரைக்கும் இங்கனயே இருந்துட்டுப் போங்க."

இருந்தேன்.